மச்சான் ஏறினால் நின்றுவிடும் கார்

மீட்டர் என்று அவருக்கு யார் பெயர் வைத்தது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர், வயது ஐம்பத்து மூன்று. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இரண்டு ஷட்டர் வைத்த கடை. அதில் ஒன்றுதான் திறக்கும். இன்னொன்று பன்னிரண்டு வருடமாகத் திறக்கவில்லை. அதைச் சரி செய்வது ஷட்டர்காரர் வேலை, தன் வேலை இல்லை என்பது அவர் கட்சி.

கயிறு கட்டிய மல்டிமீட்டர் ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அது சொல்வதை மட்டும்தான் அவர் நம்புவார். "கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தும், கஸ்டமர் கட்டாயம் ஏமாத்துவாரு. மீட்டர் ஏமாத்தாது" என்பார். பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். "பன்னிரண்டு புள்ளி மூணு ஏழு" என்பார். கேட்டவர் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நிற்பார். வீட்டிலும் இதே கதைதான். சகலைக்குக் குழந்தை பிறந்தபோது மூக்கு யார் ஜாடை என்று எல்லோரும் அடித்துக்கொள்ள, இவர் எடை எவ்வளவு என்று கேட்டு, முந்நூறு கிராம் குறைச்சல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். சகலை அதை இன்றுவரை மறக்கவில்லை.

அவர் மனைவியின் அண்ணன் தையல்காரர். தொழிலில் இவருக்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு அளவெடுப்பார். ஒரு எண்ணைக்கூட வாய் திறந்து சொல்லமாட்டார். டேப்பைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், எழுதியதை உடனே உள்ளங்கையால் மூடிக்கொள்வார். இடுப்பு எவ்வளவு என்று வாடிக்கையாளரே கேட்டாலும் "அது எனக்குத் தெரிஞ்சா போதும்" என்று முடித்துவிடுவார். அவரிடம் இன்னொரு பழக்கம். பேன்ட் தைத்து முடித்ததும் அதைப் போட்டுக்கொண்டு கடையில் இருக்கும் முக்காலியில் உட்காரச் சொல்வார். உட்கார்ந்து எழுந்தால்தான் டெலிவரி. அவசரப்படுகிறவர்களிடம் "நிக்கறதுக்காக யாரும் பேன்ட் தைக்கறதில்லை" என்பார்.

ஆள் பெரிய உடம்பு. நல்ல மனசு. எப்போதும் அவர்மேல் இஸ்திரி போட்ட துணியின் தீய்ந்த வாசனை அடிக்கும். அப்பா போனபிறகு தங்கையைப் படிக்க வைத்து, மாப்பிள்ளை பார்த்து, மீட்டரின் தலையில் கட்டியதும் அவர்தான். தங்கை அப்படிச் சொல்லமாட்டாள். மீட்டரைத் தன் தலையில் கட்டினார் என்றுதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருவார். கல்யாணம், காது குத்து, மருத்துவமனை என்று எங்கே போனாலும் மீட்டரின் காரில்தான் போவார்.

அந்தக் காருக்கு வயது முப்பத்தொன்று. அதன் வயரிங்கைக் கட்டி அழ முடியாமல் ஒரு வாடிக்கையாளர் மீட்டரிடமே விற்றுவிட்டுப் போனார். அந்தக் காரைச் செய்தவன் எந்த மனநிலையில் செய்தானோ, பேட்டரியை எஞ்சின் பக்கம் வைக்காமல் பின்சீட்டுக்கு அடியில், இடது பக்கம் வைத்திருந்தான். தையல்கார மச்சானுக்கு முன்சீட்டில் முழங்கால் இடிக்கும். பின்னால் வலது கதவு உள்ளிருந்து திறக்காது. அதனால் அவர் வழக்கமான இடம் பின்னால், இடது பக்கம்.

இந்தக் கார் ஏழு மாதத்தில் மூன்று முறை நடுரோட்டில் நின்றது. மூன்று முறையும் ஒரே மாதிரி. முதலில் டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் லைட் மினுக்கும். ஹாரன் சளி பிடித்த மாதிரி கத்தும். பிறகு எஞ்சின் இரண்டு தடவை விக்கி அடங்கிவிடும். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லோரும் இறங்கித் தள்ளினால் கிளம்பும். கடைக்குக் கொண்டுவந்து மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. தன் தொழிலே தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது அவருக்கு.

மூன்றாவது முறை நின்றது, மனைவியின் சித்தி மகளுக்கு நிச்சயம் பேசப் போகும் வழியில். முன்னால் இரண்டு வண்டி, பின்னால் ஒரு வண்டி, எல்லாம் மனைவி வீட்டு ஆட்கள். ஊரே இறங்கி வெயிலில் நின்றது. மீட்டர் பேட்டரியைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். சகலை பக்கத்தில் வந்து நின்று, "ஊர் வண்டியெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, சொந்த வண்டி இப்படிப் படுத்துக்குதே" என்றான். மீட்டருக்குச் சுருக்கென்றது. அந்த எரிச்சலில் வாய் தவறியது.

"நான் என்ன பண்ணட்டும்? மச்சான் ஏறினாலே வண்டி படுத்துக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார், எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

சொன்ன வார்த்தைக்குக் காது மூக்கு வைக்க சகலை ஒருவன் போதும். லிஃப்ட் நின்றால் "உள்ள தையல்காரர் இருக்காரா?" என்பான். கரண்ட் போனால் "இந்தப் பக்கம் வந்துட்டுப் போனாரா?" என்பான். இப்படிச் சிரிப்பாக ஆரம்பித்தது, ஒரு மாதத்தில் சிரிப்பில்லாமல் ஆகிவிட்டது. நிச்சயத்துக்குப் போன நாளில் பையன் வீட்டார் சீர் பற்றி இழுத்தடித்ததற்கும் அதுதான் காரணமோ என்று யாரோ சொல்ல, சித்திக்கும் மனசில் பட்டுவிட்டது. கல்யாணத் துணிகளை வேறு கடையில் தைக்கக் கொடுத்தாள். அந்தக் குடும்பத்தில் இருபது வருடமாக எந்தக் கல்யாணத்துக்கும் தையல்காரர்தான் கத்தரி வைப்பது வழக்கம். அவரிடம் "உனக்கு வேலை அதிகம், சிரமம் கொடுக்க வேணாம்னு பார்த்தேன்" என்று சித்தி சொன்னாள். அவர் கடையில் அப்போது வேலையே இல்லை. அவர் தலையாட்டினார்.

விஷயம் மீட்டரின் மனைவி காதுக்கு வந்தது. அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் நின்றபடி தெளிவாகச் சொன்னாள்.

"எங்க அண்ணன ராசி கெட்டவன்னு ஆக்கிட்டீங்க. அவர் மேல தப்பில்லைன்னு நீங்களே சொல்லணும். அன்னைக்கு யார் முன்னாடி சொன்னீங்களோ, அவங்க முன்னாடியே சொல்லணும். அதுவரைக்கும் உங்களோட எனக்குப் பேச்சில்லை."

"ராசியாவது ஒண்ணாவது. அதெல்லாம் இல்லைன்னு மீட்டர் வச்சே நிரூபிக்கிறேன்" என்றார் இவர்.

அவள் அன்றிலிருந்து ஃபிரிட்ஜிடம் பேச ஆரம்பித்தாள். "சாப்பாடு மேசையில இருக்கு" என்று ஃபிரிட்ஜிடம் சொல்வாள். "குழாயில தண்ணி வரல, ஆள் யாராவது பார்த்தா தேவலை" என்று ஃபிரிட்ஜிடம் சொல்வாள். மீட்டர் போய்ப் பார்ப்பார். குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஆனால் முப்பது வருடம் கேட்ட குரல் தன்னைத் தாண்டி வேறு பக்கம் போவது அவருக்குத் தாங்கவில்லை. அதை அளக்க அவரிடம் கருவி இல்லை.

சோதனை தொடங்கியது. எஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு. ஓடும்போது பதினான்கு புள்ளி இரண்டு. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இருந்தும் அதைக் கழற்றி பிரஷ் மாற்றினார். ரெகுலேட்டர் மாற்றினார். பெல்ட் மாற்றினார். எர்த் வயரைச் சுரண்டிப் பளபளவென்று பூட்டினார். வண்டி சும்மா நிற்கும்போது எங்காவது கரண்ட் கசிகிறதா என்று ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தார். கடிகாரம் குடிக்கும் துளியைத் தவிர ஒன்றும் கசியவில்லை. ஒவ்வொரு தடவையும் பின்சீட்டைத் தூக்கிச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுத்தான் பேட்டரியைப் பார்ப்பார். சீட்டின் அடிப்பக்கத்தை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. சீட்டு, சீட்டுக்காரர் வேலை.

கடைசியில் நோட்டை எடுத்து, வண்டி நின்ற மூன்று நாட்களைப் பற்றியும் எழுதினார். முதல் நாள் மழை, இரண்டாம் நாள் வெயில், மூன்றாம் நாள் நல்ல வெயில். ஒரு நாள் பெட்ரோல் நிறைய, ஒரு நாள் குறைவு. பாதை வேறு, நேரம் வேறு. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. எழுத மனம் வரவில்லை. ஆனால் பார்த்ததை எழுதாமல் விடுவது அவர் தொழிலுக்குத் துரோகம். சந்தேகப் பட்டியலில் பெல்ட், ரெகுலேட்டர், எர்த் வயர் என்று அடித்துவிட்ட பெயர்களுக்குக் கீழே, 'மச்சான்' என்று எழுதினார்.

சந்தேகம் வந்த பாகத்தை மாட்டிப் பார்க்காமல் கழிக்க முடியாது. மச்சானை வந்து உட்காரச் சொல்ல இவருக்கு முகம் இல்லை. பாகம் கைவசம் இல்லாதபோது அதே அளவில் வேறொன்றை மாட்டிப் பார்ப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். கடையிலிருந்து மூன்று பழைய பேட்டரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தராசில் வைத்தார். பதினைந்து, பதினைந்து, பதினாறு. தான் ஏறி நின்றார். அறுபத்தொன்று.

வீட்டுக்குப் பின்புறம் கார் நின்றது. மல்டிமீட்டரின் இரண்டு வயர்களையும் பேட்டரியில் மாட்டி, சீட்டின் ஓரமாக வெளியே எடுத்து, மல்டிமீட்டரைக் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டார். இடது பக்கம் போய் உட்கார்ந்தார். பன்னிரண்டு புள்ளி ஆறு. கதவோரம் போட்டிருந்த பெஞ்சின்மேல் வரிசையாக இருந்த பேட்டரிகளில் ஒன்றை இழுத்து மடியில் வைத்தார். பன்னிரண்டு புள்ளி ஆறு. இரண்டாவதை வைத்தார். மூச்சு வாங்கியது, எண் அசையவில்லை. மூன்றாவதை வைத்தார். ரோட்டில் மேடு பள்ளம் இருக்குமே என்று, அந்த நாற்பத்தாறு கிலோவோடு ஒருமுறை எம்பி உட்காரப் பார்த்தார். அடியில் சர்ரென்று ஒரு சத்தம். பத்து, எட்டு, ஆறரை என்று எண் சரிந்தது. தீய்ந்த நார் வாசனை வந்தது. இந்த வாசனை அவருக்குப் பழக்கமானதுதான். மச்சான் வரும்போதெல்லாம் காரில் அடிக்கும். இஸ்திரி வாசனை என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு புகை வந்தது. எழுந்திருக்கலாம் என்றால் மடியில் மூன்று பேட்டரி. எழாமல் இருக்கலாம் என்றால் அடியில் நெருப்பு.

சமையலறை ஜன்னலில் அவர் மனைவி இதையெல்லாம் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் ஒரு துண்டு காய்ந்தது. அந்தத் துண்டைப் பார்த்து, "கரண்டுல புகை வந்தா தண்ணி ஊத்தலாமா கூடாதான்னு, தெரிஞ்சவங்க சீக்கிரம் சொன்னா நல்லா இருக்கும்" என்றாள்.

"ஊத்தாதே! மண்ணைப் போடு, மண்ணு!"

அவள் ஓடிவந்து ஒரு பூந்தொட்டியைத் தூக்கிச் செடியோடு கவிழ்த்தாள். பாதி சீட்டின்மேல் விழுந்தது, மீதி அவர்மேல். பேட்டரிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டாள். அவர் வெளியே வந்ததும் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மீட்டர் அன்றுதான் சீட்டைத் திருப்பிப் போட்டார். அடியில் தைத்திருந்த சாக்குத் துணி நடுவில் தேய்ந்து கிழிந்திருந்தது. கிழிசலில் ஸ்பிரிங் தெரிந்தது. அதில் நாலு இடத்தில் கருகல், மூன்று பழசு, ஒன்று புதுசு. ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் இறங்கி, பேட்டரியின் பிளஸ் முனையைத் தொட்டிருக்கிறது. ஸ்பிரிங் சீட்டின் சட்டத்தில், சட்டம் காரின் உடம்பில், உடம்பு பேட்டரியின் மைனஸ் முனையில். கரண்ட் முழுக்க அந்த வழியாக ஓடி வீணாகியிருக்கிறது. ஆள் இறங்கியதும் ஸ்பிரிங் மேலே ஏறிவிடும், குறையும் கூடவே மறைந்துவிடும். இரண்டு பேட்டரியோடு தொடவில்லை. மூன்றோடு தொட்டது. நோட்டில் எழுதினார்: 'காரணம்: மச்சான். 107 கிலோ.'

நோட்டைச் சாப்பாட்டு மேசையில் திறந்தபடியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது அது குப்புற இருந்தது. மனைவி ஃபிரிட்ஜின் கதவில் கை வைத்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"இதைத்தான் போய் எல்லார் முன்னாடியும் சொல்லப் போறாங்களா?" என்று ஃபிரிட்ஜைக் கேட்டாள்.

"ரீடிங் அதுதானே" என்றார் மீட்டர்.

"நல்லா இருக்கு. ராசி கெட்டவன்னு சொன்னது போதாதுன்னு, இனிமே குண்டன்னும் சொல்லுவாங்க. நம்பர் வேற இருக்கு கையில. அந்தச் சகலைக்கு இது ஒரு வருஷத்துக்குப் போதும்."

அவள் அழுதாள். ஃபிரிட்ஜ் பேசாமல் இருந்தது. மீட்டரும் பேசாமல் இருந்தார். ராசி இல்லை என்று நிரூபித்துவிட்டார். அதில் துளி சந்தேகம் இல்லை. ஆனால் நிரூபித்த சந்தோஷம் மட்டும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் தையல் கடைக்குப் போனார். மச்சான் தனியாக இருந்தார். சித்தி வீட்டுக் கல்யாணத் துணிகள் அடுக்கியிருக்க வேண்டிய அலமாரித் தட்டில் அன்று ஒரு நூல்கண்டுப் பெட்டிதான் இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. வண்டியிலயா வந்தீங்க? வழியில நின்னுச்சா?"

"நிக்கலை மச்சான்."

"நான்தான் ஏறலையே. எப்படி நிக்கும்?" என்று சொல்லி அவரே சிரித்தார்.

"காரணம் கண்டுபிடிச்சுட்டேன் மச்சான். ராசியெல்லாம் இல்லை. சீட்டுக்கு அடியில ஸ்பிரிங் இறங்கி பேட்டரியைத் தொடுது. நான் உக்காந்தா தொடலை. வெயிட் ஏத்தி ஏத்திப் பார்த்தேன். நூத்தி..."

"நம்பர் வேணாம்." தையல்காரர் கையைத் தூக்கித் தடுத்தார். "இந்தக் கடையில நம்பரைச் சத்தமா சொல்றதில்லை."

மேசையில் கிடந்த கத்தரியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அப்போ நான்தான் காரணம்" என்றார் தையல்காரர்.

"ரீடிங் அப்படித்தான் சொல்லுது மச்சான்."

சொன்ன உடனே தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது மீட்டருக்கு. தையல்காரர் எழுந்தார். கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். "வண்டியைக் காட்டுங்க" என்றார்.

தெருவில் நின்ற காரின் பின்கதவைத் திறந்து, சீட்டைப் பாதி தூக்கி, உள்ளே குனிந்தார். பேட்டரியின் உயரத்தை அளந்தார். சீட்டை இறக்கிவிட்டு, ஓரத்து இடுக்கு வழியாக டேப்பை விட்டு, பேட்டரி உட்காரும் தட்டிலிருந்து ஸ்பிரிங் வரை அளந்தார். இரண்டையும் மனசில் கழித்தார். பிறகு திரும்பி, பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்தி, வண்டிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார்.

"முக்கால் இஞ்ச் மாப்பிள்ளை. முக்கால் இஞ்ச்தான் இடம் விட்டிருக்கு. ஒரு ஆள் உக்கார்ற சீட்டுக்கு இது போதுமா? நீங்க நிக்க வச்சு அளவெடுத்திருக்கீங்க."

மீட்டர் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தார்.

"வண்டி வாங்கினப்போ இருந்த பேட்டரி இதே உயரமா மாப்பிள்ளை?"

இல்லை. அது ஏழரை இஞ்ச். இது ஒன்பதேகால். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு வேன்காரர் வண்டியையே விற்றுவிட்டு, புத்தம் புதிய பெரிய பேட்டரியைக் கடையிலேயே விட்டுப் போனார். பெரிய பேட்டரி என்றால் சக்தி அதிகம், சாவியைச் சுண்டினாலே வண்டி கிளம்பும், சும்மா கிடைத்ததை ஏன் விட வேண்டும் என்று மீட்டர் தன் காரில் மாட்டினார். பேட்டரியின் தலையை மூடியிருந்த பழைய ரப்பர் மூடி இதற்குப் பொருந்தவில்லை. அது இப்போது கடையில் மேசைக்கால் ஆடாமல் இருக்க அடியில் கிடக்கிறது. வேறு எவனாவது இப்படி மாட்டியிருந்தால் மீட்டர் அவனை ஊர் முழுக்கக் காறித் துப்பியிருப்பார்.

"யார் மாத்தினது?" என்று கேட்டார் தையல்காரர்.

மீட்டர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கைகாட்ட ஆள் யாரும் இல்லை. "நான்தான்" என்றார்.

தையல்காரர் டேப்பைச் சுருட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மீட்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முப்பத்தி நாலு வருஷமா தைக்கிறேன் மாப்பிள்ளை. பேன்ட் கிழிஞ்சுட்டு வர்றவன்கிட்ட, உன் உடம்புதான் தப்புன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. உடம்பு அதுபாட்டுக்கு இருக்கும். தைக்கிறவன்தான் இடம் விடணும்." கதவைச் சாத்தினார். "சரி, விடுங்க. இதைப் போய் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. நீங்க தொழில் பண்ற ஆளு. சீட்டு பழசாயிடுச்சுன்னு சொல்லிடுங்க, எல்லாரும் நம்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமை சித்தி வீட்டுக்கு நான் வர்றேன். பஸ்லயே வர்றேன்."

அந்த ஞாயிறு சித்தி வீட்டில் கல்யாணப் பேச்சுக்காக எல்லோரும் கூடினார்கள். தையல்காரர் சொன்னபடி வந்து, கதவோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மீட்டர் கடைசியாக வந்தார். தலையில் கார் சீட்டு, கையில் பேட்டரி. கூடத்தின் நடுவில் இரண்டையும் இறக்கினார்.

"என்ன சகலை, வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டீங்களா?" என்றான் சகலை.

மீட்டர் சிரிக்கவில்லை. சீட்டைப் புரட்டிக் கருகலைக் காட்டினார். பேட்டரியை அதன் பக்கத்தில் வைத்தார். அதற்குள் தையல்காரர் இருந்த இடத்திலிருந்தே, "பழைய சீட்டு, ஸ்பிரிங் தொங்கிடுச்சு, அவ்வளவுதான்" என்று வழி எடுத்துக் கொடுத்தார்.

"சீட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார் மீட்டர். பாடம் ஒப்பிக்கிற மாதிரி நேராக நின்றுகொண்டார். "அந்த இடத்துல வைக்க வேண்டியது ஏழரை இஞ்ச் பேட்டரி. நான் ஒன்பதேகால் வச்சேன். மேல மூடி போடணும். போடலை. உக்கார்ந்தவங்களை அது சுடாம விட்டதே பெருசு. மூணு தடவை வண்டி நின்னதுக்கும் காரணம் நான். நான் பண்ணின தப்புக்கு மச்சானைச் சொன்னேன். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன், அவர் மேல ஒரு தப்பும் இல்லை. நேத்து சின்ன பேட்டரி மாட்டி, மூடியும் போட்டுட்டேன். இனிமே யார் ஏறினாலும் நிக்காது."

சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவோரம் திரும்பி, "பெரியவனே, அந்தக் கடைக்காரன் இன்னும் துணியில கை வைக்கலையாம். நாளைக்கு எடுத்துட்டு வந்து உன்கிட்டயே கொடுத்துடறேன்" என்றாள். தையல்காரர் தலையாட்டினார். இந்த முறை வேறு மாதிரி ஆட்டினார்.

சகலைக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"அதெல்லாம் சரி சகலை. நீங்க உக்காந்தா நிக்காது, அவர் உக்காந்தா நிக்கும்னா, எத்தனை கிலோவுக்கு அது தொடுது? எங்க புள்ளைக்கு முந்நூறு கிராம் கணக்குச் சொன்ன ஆளு நீங்க. அதை அளக்காம விட்டிருப்பீங்களா?"

எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையில் நோட்டு இருந்தது. தையல்காரர் கழுத்து டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். சமையலறை வாசலில் மீட்டரின் மனைவி தட்டுகளை அடுக்கி ஏந்தியபடி அசையாமல் நின்றாள்.

"அளக்கலை" என்றார் மீட்டர்.

"நீங்களா? அளக்கலையா?"

"அளக்கலை. மறந்துட்டேன்."

பார்த்த ரீடிங்கை இல்லை என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொல்லும்போது காதுமடல் சிவந்துவிட்டது. சகலை உதட்டைப் பிதுக்கினான். தையல்காரர் மெதுவாகத் தலை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். எழுதியதை உள்ளங்கையால் மூடுகிற மனிதருக்கு, எதிரில் நிற்பவர் எதை மூடுகிறார் என்று தெரியாமல் இருக்குமா?

வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அந்த சீட்டை வெளியில வச்சுட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது."

மீட்டர் தன் பின்னால் ஃபிரிட்ஜ் ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். வெறும் சுவர்தான் இருந்தது.